லெஸ்ஸின் சட்டைப்பையில் வந்த ராணிகள்

கெல்லி வளைவு, டாஸ்மேனியா
ஏப்ரல் 23, 1967

என் அக்கா பெற்ற வெர்னாவுக்கு மாமா பெர்ஸ் எழுதுவது. இங்கே நான், என் நாய், என் இடது முட்டி மூவரும் சுகம். மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் உன் புருஷன் லெஸ்ஸும், கூட இருக்கும் நீயும் எப்படி என்று எழுது.

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். காற்று வடக்கே திரும்பும் என்றேன், திரும்பியது. மலைக்காட்டுத் தீ ஆற்றைத் தாண்டும் என்றேன், தாண்டியது. உங்கள் வீடும் தேன்பெட்டிகளும் ஒன்றுவிடாமல் போகும் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் தெரியும், உங்களைப் பயமுறுத்துவானேன் என்று விட்டேன். லெஸ் வெறுங்கையோடு வரமாட்டான் என்பதும் தெரியும். எரிகிற கொட்டகைக்குள் புகுந்தவன் வேறு எதை எடுப்பான்? ஆறு ராணித் தேனீக்களைக் கூண்டோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு கையும் வெந்துபோயிருந்தது, பையிலிருந்த ஆறும் உயிரோடு இருந்தன. இதை நான் மதுக்கடையில் எழுபது தடவை சொல்லிவிட்டேன். இப்போது அவன் பையில் பன்னிரண்டு ராணிகள் இருக்கின்றன, ஆனால் விஷயம் ஒன்றுதான்.

நீ கப்பலேறும்போது ஒப்படைத்த ஆறு பேரும் என் பெட்டியில் சௌக்கியம். ஒரு பெட்டியில் ஒரு ராணிதான் நடமாடலாம், இரண்டு இருந்தால் ஒன்று சாகும் என்பதால் ஆறையும் தீப்பெட்டி அளவு கூண்டுகளிலேயே வைத்திருக்கிறேன். என் பழைய ராணியை எடுத்துப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் பெட்டியிலிருக்கும் தேனீக்கள் ஆறையும் தங்கள் ராணி என்று எண்ணிக் கம்பிவலை வழியே ஊட்டுகின்றன. இப்படியே செப்டம்பர் வரை ஓட்ட வேண்டும். எனக்கு இது தூசு.

நேற்று ஹெஸ்பா டிரிஃபிட் வேலிக்கு வந்தாள். எண்பது பெட்டி வைத்திருக்கிறோம் என்ற தலைக்கனம் அவளுக்கு.

“பெர்ஸ், கூண்டுங்களை எங்க வச்சிருக்க?”

“பெட்டிக்குள்ளதான். பின்ன என் தொப்பிக்குள்ளயா?”

“ஓரத்துல வச்சிருந்தா செத்துப்போகும். குளிர் வந்ததும் ஈயெல்லாம் நடுவுல பந்து மாதிரி ஒட்டிக்கும். ஓரத்துல இருக்கறதுக்கு யார் சூடு குடுப்பா? நடுவுல இருக்கற தேனடைச் சட்டத்துல கட்டு. அதுக்கப்புறம் மூடியைத் தொடாத.”

“நான் தேனீ வளக்க ஆரம்பிச்சப்போ நீ தொட்டில்ல கிடந்தவ.”

“நான் உன்னைவிட ரெண்டு வயசு பெரியவ.”

“அதான் உனக்கு மறந்துபோச்சு.”

அவள் போன பிறகு கூண்டுகளை நடுச்சட்டத்துக்கு மாற்றினேன். நான் முதலிலேயே நினைத்திருந்ததுதான் அது.

லெஸ்ஸுக்கு என் அன்பைச் சொல். கையைக் குலுக்காதே.
பெர்ஸ் மாமா


மெல்போர்ன்
மே 8

அன்புள்ள மாமா,

உங்கள் முட்டிக்கும் நாய்க்கும் என் விசாரிப்பு. நான் நலம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு அறை கிடைத்திருக்கிறது, காலையில் சலவைக்கூடத்தில் வேலை, மதியம் லெஸ்ஸின் பக்கத்தில். தொடையிலிருந்து தோல் எடுத்து வலது கையில் ஒட்டியிருக்கிறார்கள். இடது கை அடுத்த மாதம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தொட்டில் வரும் இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு, “ஆறும் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இந்த வாரம் முழுக்க அவர் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

மாமா, நீங்கள் எழுதுவதில் எனக்குப் பாதியைக் கழிக்கத் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு அது. ஆனால் ராணிகளின் எண்ணிக்கையை மட்டும் கழிக்காமல் படிக்கும்படி எழுதுங்கள். இங்கே ஒரு மரப்பட்டறைக்காரர் லெஸ்ஸுக்குக் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ராணிகள் இல்லையென்றால் லெஸ் அதற்குச் சரி என்றுவிடுவார். எனக்கு அது தெரிகிறது.

ஹெஸ்பா சொன்னதுபோல் மூடியைத் திறக்காதீர்கள்.
வெர்னா


கெல்லி வளைவு
மே 29

அன்பு வெர்னாவுக்கு,

சுகம், சுகம். நாய்க்கு ஒரு பல் போனது, அதுவும் கவலைப்படவில்லை.

மலைமேல் பனி இறங்கிவிட்டது. நம் ராணிகளின் புகழ் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவி, போன ஞாயிறு கால்பந்துக் குழுவே கோவிலிலிருந்து நேராக என் தோட்டத்துக்கு வந்துவிட்டது. பாதிரியார் உட்பட. கொண்டுவந்த, ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட அப்பத்தை நின்றபடியே தின்றுகொண்டு, “லெஸ் தூக்கிட்டு வந்தது எது, காட்டு பார்ப்போம்” என்றார்கள். வெயில் லேசாக அடித்தது, நீ மூடியைப் பற்றி எழுதியதும் நினைவில் இருந்தது. இருந்தாலும் பாதிரியார் கேட்டால் எப்படி மறுப்பது? ஒரு கூண்டைத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் வலையோரம் வந்து நின்றாள். உடம்பு நீளம், நிறம் புதுச் செப்புக்காசு, நடையில் ஒரு நிதானம். அத்தனை தடியன்களும் தொப்பியைக் கழற்றினார்கள். உண்மையாகவே கழற்றினார்கள், இதில் பாதியைக் கழிக்காதே. குழுவுக்குக் கோல் போடும் ஆக்கி பியர்ஸ், “இதுக்கா கையைச் சுட்டுக்கிட்டான்?” என்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரிதான், நானா இருந்தாலும் போயிருப்பேன்” என்றான்.

கூண்டு வாயை அடைக்கும் தக்கையைச் சரிபார்த்து நடுச்சட்டத்திலேயே திரும்ப வைத்தேன். பத்துப் பதினைந்து கொட்டு வாங்கினேன். எனக்கு அது கொசுக்கடி.

லெஸ்ஸிடம் சொல், அவன் பெயருக்கு இந்த ஊரில் தொப்பி இறங்குகிறது.
பெர்ஸ் மாமா


மெல்போர்ன்
ஜூன் 12

அன்புள்ள மாமா,

நான் நலமே. லெஸ்ஸுக்கு இடது கை முடிந்து காய்ச்சல் வந்தது, இப்போது இறங்கிவிட்டது.

தொப்பியைக் கழற்றிய கதையை அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாவது முறை கொட்டு வாங்கிய இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். “என் ஈ கொட்டாது” என்றார். உங்கள் பெட்டியிலிருப்பதும் அவர் கொடுத்த கூட்டத்தின் வழிதான், தோள்வரை கைவிட்டாலும் கொட்டாத இனம் என்று உங்களுக்கே தெரியும், மாமா. குளிரில் கலைத்தால்தான் கொட்டும். எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தீர்கள்? எத்தனை ராணி இருக்கிறது?

வேறு கதை எழுதவேண்டாம். எண்ணிக்கை போதும்.
வெர்னா


கெல்லி வளைவு
ஜூன் 22

அன்பு வெர்னா,

இங்கே சுகம். நல்ல குளிர். கூண்டு ஆறும் இருக்கிறது, எண்ணிவிட்டேன்.

தபால் வண்டி நிற்கிறது.
பெர்ஸ்


மெல்போர்ன்
ஜூலை 3

அன்புள்ள மாமா,

உங்களுக்கு உடம்பு சரிதானே? நாய் எப்படி? நீங்கள் முட்டியைப் பற்றி எழுதாத முதல் கடிதம் அது.

நான் கூண்டைக் கேட்கவில்லை.

இங்கே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது, டாக்டர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் விரல்கள் மடங்காது என்கிறார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. கை இப்படித் தட்டையாக, விரித்தபடிதான் இருக்கும், போகப்போகக் கொஞ்சம் வளையலாம். லெஸ் அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். டாக்டர் போனதும் என்னிடம், “ராணியைப் புடிக்க முடியாதவன் தேனீ வச்சு என்ன பண்ணப்போறான், வெர்னா? பட்டறைக்காரர்கிட்ட சொல்லிடு” என்றார்.

நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.
வெர்னா


கெல்லி வளைவு
ஜூலை 24

அன்பு வெர்னாவுக்கு,

முட்டி வலிக்கிறது, மற்றபடி சுகம். பதில் தாமதம், அதற்குக் காரணம் கீழே.

முதலில் எண்ணிக்கை. ஐந்து. ஒன்று செத்துவிட்டது. இதில் நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது ஹெஸ்பா டிரிஃபிட் என் பெட்டியில் காதை ஒட்டவைத்துக் குனிந்திருந்தாள். என் அனுமதி கேட்டாளா என்றால் இல்லை.

“பெர்ஸ், இங்க வா. கேளு.”

“என்னத்தைக் கேக்கறது? ஈ கத்துது.”

“கத்தலை. நிம்மதியா ரீங்காரம் பண்ணுது. ராணியெல்லாம் கூண்டுக்குள்ளயே இருக்கற பெட்டி இப்படி இருக்காது, ஏக்கமா முனகிக்கிட்டே இருக்கும். உள்ள ஒருத்தி இறங்கி நடந்துக்கிட்டிருக்கா. என்னைக்குத் தக்கையைத் தொட்டே?”

எனக்கும் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. ஒருத்தி தக்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் தேனீக்கள் அவளையே சுற்றும், கூண்டிலிருப்பவர்களை ஊட்டாமல் விட்டுவிடும். அந்தக் குளிரில் வெட்டவெளியில் பெட்டியைப் பிரித்துத் தேடினாலோ மொத்தக் கூட்டமும் விறைத்துப்போகும். ஹெஸ்பாவிடம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் காய் உலர்த்தும் சூளைவீடு இருக்கிறதல்லவா? பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கொண்டுபோனோம். ஆப்பிள் விறகு போட்டு அடுப்பை மூட்டினாள். சன்னல்களில் சிவப்புக் கம்பளியைத் தொங்கவிட்டாள். தேனீ கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, இருட்டென்று நினைத்துப் பறக்காமல் இருக்கும். இது எனக்குப் புதிதல்ல.

திறந்தோம். ஒரு கூண்டு காலி. ஒரு கூண்டில் அவள் சுருண்டு கிடந்தாள். மற்ற நான்கும் மெலிந்திருந்தன, உயிர் இருந்தது. ஓடிப்போனவளைத் தேட வேண்டும். சட்டம் சட்டமாக எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தோம். ஐந்தாவது சட்டத்தில், தேனீக்கள் விலகி வழிவிட்டுக்கொண்டே போகிற இடத்தில், அவள் போய்க்கொண்டிருந்தாள்.

என்ன செய்தேன் தெரியுமா? விரலால் கிள்ளிப் பிடிக்கவில்லை. அப்படிப் பிடிப்பது கற்றுக்குட்டிகள் வேலை. கையை விரித்தேன். தட்டையாக, விரல் மடங்காமல், பலகை மாதிரி. அதைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து அசையாமல் நின்றேன். அவள் நின்று பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். பிறகு தானாகவே ஏறி உள்ளங்கை நடுவே வந்து நின்றாள். வெறும் கூண்டை மணிக்கட்டுக்கு மேலே பிடித்தேன், ராணிக்கு மேல்நோக்கி நடப்பதுதான் வழக்கம், நேராக உள்ளே போய்விட்டாள். ஹெஸ்பா, “உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை, பெர்ஸ்” என்றாள்.

இப்போது பெட்டி ஹெஸ்பாவின் அடுக்களைப் புகைபோக்கிச் சுவரையொட்டி இருக்கிறது. அங்கே கதகதப்பு. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஸ்கோன் ரொட்டி நன்றாகத்தான் சுடுகிறாள், அதை மறுப்பதற்கில்லை.

லெஸ்ஸிடம் கையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துக் காட்டு.
பெர்ஸ் மாமா

வெர்னா, நான் ஹெஸ்பா. ஐந்து என்பது உண்மை, நானே எண்ணினேன். ஐந்தும் தெம்பாக இருக்கின்றன. மீதியைப் பற்றி என்னிடம் கேட்காதே.


மெல்போர்ன்
ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமா,

முட்டிக்கு என்ன தடவுகிறீர்கள்? ஹெஸ்பா அத்தைக்கு என் நன்றி.

“ஐந்து” என்று படித்ததும் லெஸ் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தினேன். “படி” என்றார். கை வரும் இடத்துக்கு வந்ததும் கடிதத்தை என்னிடமிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் வாங்கித் தானே படித்தார். தீக்குப் பிறகு அவராக ஒன்றை வாங்குவது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. “விரல் பக்கமா ஏறினாளா, மணிக்கட்டுப் பக்கமாவா? கை சூடா இருந்துச்சா? எழுதிக் கேளு.” பக்கத்துக் கட்டிலில் ஒரு ரயில்வேக்காரர், அவருக்கும் கதை போய்விட்டது. “உங்க மாமா பெரிய ஆளுய்யா” என்று அவர் சொன்னால் லெஸ், “வாய்தான் பெருசுன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டேன்” என்கிறார். சன்னல் கட்டையில் கையை விரித்து வைத்து அசையாமல் பழகுகிறார். முதலில் நடுக்கம் இருந்தது. இப்போது தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தால் தளும்புவதில்லை.

பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசியில் கப்பல். பெட்டிகளில் ராணிகளைத் தானே விடப்போவதாகச் சொல்கிறார். உங்களைப் போலவே.
வெர்னா


கெல்லி வளைவு
ஆகஸ்ட் 28

அன்பு வெர்னாவுக்கு,

சுகம். தூக்கம்தான் சரியில்லை.

நீங்கள் வருவது ரொம்ப மகிழ்ச்சி. ஆற்றோரம் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிட்டன, தேனீ வெளியே வருகிறது. தீயில் எல்லாம் இழந்தவனுக்கு ஆளுக்கொரு சட்டம் தேனீயும் குஞ்சுமாகக் கொடுப்பது இங்கே வழக்கம் என்பது உனக்குத் தெரியும். லெஸ்ஸுக்குச் சட்டமாக அல்ல, பெட்டியாகவே கொடுக்கிறார்கள். ஐந்து வீட்டிலிருந்து ஐந்து பெட்டி, ராணி எடுக்கப்பட்டவை. ஆக்கி பியர்ஸ் கூட ஒன்று.

ஆனால் லெஸ்ஸிடம் சொல், அவசரம் வேண்டாம். ராணியைக் கையில் ஏற்றுவது எல்லோருக்கும் வராது. எனக்கு வந்தது என்றால் நான் வேறு மாதிரி. குளிர்காலக் கூண்டிலிருந்து, புதுப் பெட்டித் தேனீக்கள் மெல்லத் தின்று அவளை வெளியே விடும்படி சர்க்கரைப்பாகு அடைத்த புதுக் கூண்டுக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒருத்தி பறந்தால் போனதுதான், திரும்ப வரமாட்டாள். இந்தக் குளிரைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஹெஸ்பா மாற்றிக் கொடுப்பாள். அவளுக்கு விரல் உறுதி. லெஸ் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

என் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள், சாவி வழக்கமான இடத்தில். நான் பர்னியில் தம்பி ஆர்ச்சி வீட்டுக்குப் போகிறேன். அவனுக்கு உடம்பு சரியில்லை. சரியில்லை என்று நினைக்கிறேன்.
பெர்ஸ் மாமா


கெல்லி வளைவு
அக்டோபர் 2

அன்புள்ள மாமா,

உங்கள் நாய் நலம், சோபாவில் படுக்கிறது. ஆர்ச்சி மாமா தபால்காரரிடம் தான் கல்லுப்போல் இருப்பதாகச் சொன்னாராம். சந்தோஷம்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல்.

ஐந்து பெட்டியும் ஆற்றங்கரையில் வரிசையாக இருந்தன. வில்லோ மரங்கள் துளிர்த்து வெயில் நன்றாக இருந்தது. கால்பந்துக் குழு முழுக்க வந்திருந்தது. ஹெஸ்பா அத்தை கையில் ஒரு கண்ணாடித் தம்ளரோடு லெஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றார். “எதுக்கு அத்தை அது?” என்றேன். “தாகம்” என்றார். தம்ளரில் தண்ணீர் இல்லை.

“நான் மாத்தித் தரட்டுமா, லெஸ்?” என்று ஒருமுறை கேட்டார்.

“வேணாம் அத்தை. பெர்ஸ் மாமா செஞ்சாரே.”

அத்தை தம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நான் தக்கையை எடுத்தேன். லெஸ் கையை விரித்துக் கூண்டின் வாயில் வைத்தார். முதலாமவள் வெளியே வந்து விரல் நுனிவரை ஓடினாள், சிறகை விரித்தாள். ஆக்கி பியர்ஸ் “போச்சு” என்று முணுமுணுத்தான். அத்தையின் தம்ளர் உயர்ந்தது. லெஸ் கையை அசைக்கவில்லை. நுனியை மட்டும் மெல்லத் தாழ்த்தி மணிக்கட்டை உயர்த்தினார், அவள் திரும்பினாள். அந்தப் புதுத்தோல் வழவழப்பாக இருக்கிறது, மாமா, ரோமம்கூட இல்லை. அதன்மேல் அவள் நடந்து வந்ததை எல்லோரும் பார்த்தோம். உள்ளங்கை நடுவில் நின்று முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேலே ஏறிப் புதுக் கூண்டுக்குள் போனாள். மற்ற நான்கு பேரும் அப்படியே. கடைசி ஆள் போகும்போது லெஸ் அவளிடம், “மெதுவா, அவசரமில்லை” என்று பேசிக்கொண்டிருந்தார்.

ஹெஸ்பா அத்தை தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று நினைக்கிறேன், வெயில் என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கிழவனை வரச் சொல்லு” என்றார்.

வாருங்கள். லெஸ் உங்கள் கையைப் பார்க்க வேண்டுமாம்.
வெர்னா


பர்னி
அக்டோபர் 9

அன்பு வெர்னாவுக்கும் லெஸ்ஸுக்கும்,

மாமா சுகம். இன்று முட்டி வலிக்கவே இல்லை.

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன் என்று எழுத ஆரம்பித்து, ஆர்ச்சியின் ஒரு தாளை வீணாக்கிவிட்டேன். உன் கடிதத்தை அவனுக்கும் அவன் மனைவிக்கும் மீன்பிடிப் படகுக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். அதில் நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லை. குளிர் முழுக்க ஒரு பெட்டிக்குள் பட்டினி கிடந்து உயிரைப் பிடித்து வைத்திருந்த ஐந்து பேரும், அவர்களுக்கு வழிவிட்ட ஒரு கையும். இந்தத் தீவில் அதைவிடப் பெரிதாக நான் எதைக் கண்டேன்?

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். ஹெஸ்பாவிடம் சொல், ஸ்கோனுக்கு இல்லை, பேசத்தான் வருகிறேன் என்று. ஸ்கோன் இருந்தாலும் பரவாயில்லை.

லெஸ், என் கையைப் பார்க்க வேண்டாம். அந்த ஒரு விஷயம் மட்டும் நான் இட்டுக்கட்டியது. அன்று சூளையில் சட்டத்தை நீட்டிப் பிடித்திருந்தது நான்தான், ஆனால் என் கை கிடுகிடுவென்று ஆடியது. தம்ளரைக் கவிழ்த்து அவளைப் பிடித்தது ஹெஸ்பா. ராணி ஒருவன் உள்ளங்கையில் தானாக ஏறி வருவாள் என்று நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. வெர்னா உன் விரலைப் பற்றி எழுதிய கடிதம் மேசையில் கிடந்தது, எனக்கு எழுத வேறு ஒன்றும் வரவில்லை.

பெர்ஸ் மாமா